கழுத்துக் கறுப்பைத் தேய்க்காதீர்கள்

மகளின் எடை கூடிவிட்டதே என்று கவலைப்பட்டு, தைராய்டு, பரம்பரை, பால், முட்டை என்று கடிதத்தில் நிறைய கேட்டுவிட்டு, கடைசியில் போகிற போக்கில் ஒரு வரி எழுதியிருக்கிறீர்கள்: "ஆறு வயது மகளுக்குப் பின்கழுத்து கறுத்திருக்கிறது. கடலை மாவும் எலுமிச்சையும் போட்டுத் தேய்த்தும் போகவில்லை." முதலில் அதைப் பார்ப்போம்.

அது அழுக்கு இல்லை அம்மா. எடை கூடிய குழந்தைக்கு இன்சுலின் சரியாக வேலை செய்யாமல், உடம்பு அதை மேலும் மேலும் சுரக்கும். அப்போது கழுத்து மடிப்பிலும் அக்குளிலும் தோல் தடித்து வெல்வெட் போலக் கறுக்கும். தாத்தாவின் சர்க்கரை பேத்திக்கும் வந்துவிடுமோ என்பதுதானே உங்கள் பயம்? வந்துவிட்டது என்று இதற்கு அர்த்தம் இல்லை. ஆனால் தள்ளிப்போடாமல் இந்த வாரமே குழந்தை மருத்துவரிடம் காட்டுங்கள். ரத்தத்தில் சர்க்கரை, கொழுப்பு, கல்லீரல் அளவுகள், அதோடு ரத்த அழுத்தமும் பார்க்க வேண்டும். தூக்கத்தில் குறட்டைக்கு நடுவே மூச்சு நின்று திணறினால் அதையும் சொல்லுங்கள்.

தைராய்டு பயத்தை விடுங்கள். அது குறைந்தால் குழந்தை வளராமல் குட்டையாக நிற்கும். உங்கள் மகள் 118 செ.மீ.; வயதுக்குச் சராசரியே 115தான். முட்டை தாராளமாகக் கொடுக்கலாம். யூடியூப் பார்த்து வாங்கிய எடைக் குறைப்புப் பொடியை இன்றே குப்பையில் போடுங்கள். ஆறு வயதுக் குழந்தையின் வயிற்றில் என்ன பரிசோதனை இது?

28 கிலோ அதிகம்தான். இந்த உயரத்துக்கு 21, 22 போதும். அதற்காகப் பட்டினி போடாதீர்கள். எடை மேலே ஏறாமல் நின்றாலே பெரிய விஷயம். வருடத்துக்கு ஐந்தாறு செ.மீ. வளர்கிற வயது, உயரம் வந்து ஈடுகட்டும்.

மாற வேண்டியது ஊட்டும் விதம். போனைக் காட்டி, "காக்காவுக்கு ஒரு வாய், பாட்டிக்கு ஒரு வாய்" என்று திணித்தால், வயிறு நிறைந்ததே குழந்தைக்குத் தெரியாமல் போகிறது. என்ன சமைப்பது, எப்போது பரிமாறுவது என்பதை நீங்கள் முடிவு செய்யுங்கள். எவ்வளவு சாப்பிடுவது என்பதை அவளிடம் விடுங்கள். தட்டில் மிச்சம் வைத்தால் எடுத்துவிடுங்கள், கெஞ்ச வேண்டாம். இரண்டு வேளை சத்துமாவுப் பானமும் அதில் போடும் சர்க்கரையும் வேண்டாம், பாட்டில் ஜூஸும் வேண்டாம். அழுகையை நிறுத்த பிஸ்கட் கொடுக்காமல் மடியில் தூக்கி வைத்துக்கொள்ளுங்கள். சாயங்காலம் ஒரு மணி நேரம் தெருவில் ஓடட்டும்.

அப்புறம், அவள் காதுபட யாரும் "குண்டு" என்று சொல்லக் கூடாது. மருத்துவரிடம் போகும்போது மாமியாரையும் கூட்டிப் போங்கள். பகலில் ஊட்டுவது அவர்தான் என்கிறீர்கள். அவரும் நேரில் கேட்கட்டும்.