பெட்டிக் கணக்கு

கேள்வி: "தேனீக்கள் அழிந்தால் மனிதனுக்கு நான்கே ஆண்டு" என்று ஐன்ஸ்டைன் சொன்னதாகப் போன மாதம் துணுக்குப் போட்டிருந்தீர்கள். உலகத்தில் தேனீப் பெட்டிகள் 60 ஆண்டுகளில் இரட்டிப்பாகிவிட்டன என்று இன்னோர் இடத்தில் படித்தேன். யார் பொய் சொல்வது, நீங்களா அவர்களா?

பதில்: முதலில் எங்கள் பங்கை ஒப்புக்கொண்டுவிடுகிறேன். அந்தத் துணுக்கைப் போட்டது தப்புதான். ஐன்ஸ்டைன் அப்படிப் பேசியதற்கோ எழுதியதற்கோ எந்த ஆதாரமும் இல்லை. அவர் காலமானது 1955இல். அந்த வாசகம் ஊரறியத் தலைகாட்டியதோ 1994இல், பிரஸ்ஸல்ஸில் தேனீ வளர்ப்போர் நடத்திய ஒரு போராட்டத்தின்போது. நெல்லும் கோதுமையும் மக்காச்சோளமும் தேனீயை நம்பி விளைவதில்லை என்பதை அச்சுக்குப் போகும் முன் நாங்களாவது யோசித்திருக்க வேண்டும்.

நீங்கள் படித்த எண்ணிக்கை சரி. ஐ.நா.வின் உணவு, வேளாண்மை அமைப்பு தொகுக்கும் புள்ளிவிவரப்படி 1961இல் உலகில் சுமார் 5 கோடி தேனீப் பெட்டிகள் இருந்தன. இப்போது 10 கோடியை ஒட்டி இருக்கின்றன. அதே சமயம், தேனீக்கள் கூட்டம் கூட்டமாகச் சாகின்றன என்பதும் பொய்யில்லை. அமெரிக்காவில் 2024 ஏப்ரலுக்கும் 2025 ஏப்ரலுக்கும் இடையில் வளர்ப்போர் வைத்திருந்த தேனீக் குடும்பங்களில் (ஒரு பெட்டிக்கு ஒரு குடும்பம்) பாதிக்கு மேல் செத்துப்போயின. ஆனால் அரசின் ஆண்டுத் தேன் அறிக்கைப்படி அந்த நாட்டின் மொத்த எண்ணிக்கை இருபது ஆண்டுகளாக 25 லட்சத்தை ஒட்டியேதான் நிற்கிறது.

எப்படி என்கிறீர்களா? வசந்தத்தில் ஒரு தேனீ வளர்ப்பாளர் பக்கத்தில் போய் நின்று பாருங்கள். புகையடித்து, பெட்டியைத் திறந்து, முட்டையும் புழுவும் உள்ள அடை கட்டிய நாலைந்து மரச் சட்டங்களை அவற்றின் மேல் மொய்க்கும் தேனீக்களோடு அப்படியே தூக்கி ஒரு காலிப் பெட்டியில் வைப்பார். ராணி பழைய பெட்டியிலேயே இருக்கும். ராணி இல்லை என்று புதுப் பெட்டிக்குச் சில மணி நேரத்திலேயே தெரிந்துவிடும். வேலைக்காரத் தேனீக்கள் இளம்புழுக்கள் சிலவற்றைத் தேர்ந்தெடுத்து, அறையை நீட்டிக் கட்டி, தங்கள் உடலில் சுரக்கும் அரசக் கூழையே ஊட்டி வளர்க்கும். முட்டையிட்ட நாளிலிருந்து 16ஆம் நாள் புது ராணி வெளியே வரும். பறந்து போய் இணைசேர்ந்து திரும்பி வந்து முட்டையிட ஆரம்பித்தால், பதிவேட்டில் ஒன்று இரண்டாகிவிட்டது. அவ்வளவுதான்.

அதனால் 100 பெட்டியில் 50 செத்து, மிச்சம் 50ஐப் பிரித்துவிட்டால் ஆண்டுக் கடைசியில் கணக்கு மறுபடியும் 100. ஓட்டைக் குடத்தில் ஒருவர் ஊற்றிக்கொண்டே இருக்கிறார். நீங்களும் நானும் தண்ணீர் மட்டத்தை மட்டும் பார்த்துவிட்டு, "ஒழுகலே இல்லையே" என்கிறோம். பிரித்த பெட்டி அந்தப் பருவத்தில் பெரும்பாலும் சரியாகத் தேன் தராது. அந்த நஷ்டமும், ராணி தானாக வளரக் காத்திராமல் விலைக்கு வாங்குவோரின் செலவும், முதுகுவலியும் எந்தப் பட்டியலிலும் வருவதில்லை.

எண்ணுகிற முறையையும் கொஞ்சம் பாருங்கள். அமெரிக்க வேளாண்மைத் துறையின் ஆண்டுத் தேன் அறிக்கையில், ஒரே குடும்பம் இரண்டு மாநிலங்களில் தேன் தந்தால் இரண்டு இடத்திலும் எண்ணப்படும். தேன் தந்துவிட்டு ஆண்டு முடிவதற்குள் செத்துப்போன குடும்பமும் கணக்கில் உண்டு. வாக்காளர் பட்டியல் ஞாபகம் வந்தால் நான் பொறுப்பல்ல. அதே துறை 2022இல் எடுத்த விவசாயக் கணக்கெடுப்பில் 38 லட்சம் குடும்பங்கள் என்று வந்தபோது, தேனீ மீண்டுவிட்டது என்று தலைப்புப் போட்டார்கள். புதிதாகக் கூடிய சிறு வளர்ப்போரில் பெரும்பங்கு டெக்சாஸில் இருந்தது. சின்ன நிலத்தில் தேனீ வளர்த்தாலும் விவசாய நிலத்துக்கான வரிச் சலுகை என்று அங்கே 2012 முதல் சட்டம் இருக்கிறது!

ஆக, பெட்டி எண்ணிக்கை தேனீயின் நலத்தைவிட வளர்ப்பவரின் வரவு செலவைத்தான் அதிகம் காட்டுகிறது. நியூசிலாந்தைப் பாருங்கள். உலகத் தேனீ வளர்ப்பையே ஆட்டிவைக்கும் வரோவா உண்ணி அங்கே 2000இல் நுழைந்தது. அப்போது சுமார் 3 லட்சம் பெட்டிகள். உண்ணி பரவிய பிறகு குறைந்திருக்க வேண்டுமே? 2019இல் 9 லட்சத்தைத் தாண்டியது. காரணம், அங்கே மனுகா என்ற செடியின் பூவிலிருந்து கிடைக்கும் தேனுக்கு ஏறிய விலை. விலை இறங்கியதும் பெட்டிகளும் இறங்கின. உண்ணி மட்டும் அங்கேயேதான் இருக்கிறது. கிழக்கு ஜெர்மனியில், இரு ஜெர்மனிகளும் இணைந்த 1990க்குப் பிறகு, பெட்டிகள் சடசடவெனச் சரிந்ததற்கும் நோய் முக்கியக் காரணமல்ல. தேனை அரசு நல்ல விலைக்கு எடுத்துக்கொண்ட ஏற்பாடு போய்விட்டது, அதுதான்.

தேனீ எப்படி இருக்கிறது என்று தெரிய வேண்டுமானால் எண்ண வேண்டியது வேறு. புழு வளரும் சட்டத்திலிருந்து அரைக் கோப்பை தேனீ, சுமார் 300 இருக்கும், ஒரு ஜாடியில் போடுவார்கள். வலை மூடி வழியாகப் பொடித்த சர்க்கரை இரண்டு கரண்டி. உருட்டிவிட்டு, வெள்ளைத் தட்டின் மேல் கவிழ்த்து உலுக்கினால் சர்க்கரையோடு தவிட்டுச் சிவப்பில் கடுகளவு உண்ணிகள் உதிரும். ஒன்பது உதிர்ந்தாலே, அதாவது நூற்றுக்கு மூன்று, மருந்து பார்க்க வேண்டிய நிலை. வெளியே அந்தப் பெட்டி நல்ல பெட்டியாகத்தான் தெரியும். உண்ணி கொண்டுவரும் வைரஸால் சிறகு சுருங்கிய தேனீக்கள் வாசலில் ஊர்ந்து விழ ஆரம்பிக்கும்போது பெரும்பாலும் காலம் கடந்திருக்கும். ஆசியத் தேனீ இந்த உண்ணியோடு நெடுங்காலம் பழகியது, சமாளிக்கும். மேற்கத்தியத் தேனீக்கு இது போன நூற்றாண்டில்தான் தொற்றியது.

அப்புறம் ஒன்று. "தேனீ" என்று நீங்களும் நானும் இவ்வளவு நேரம் பேசியது பெட்டிக்குள் இருக்கிற ஓரிரு இனங்களைப் பற்றி. உலகில் தேனீ வகைகள் 20,000க்கு மேல். பெரும்பாலானவை மண்ணிலும் மரத்துளையிலும் தனித்தனியாக வாழ்பவை. அவற்றைப் பிரித்துப் பெருக்க ஆள் இல்லை, பதிவேடும் இல்லை. பெட்டிகள் கூடினால் சில இடங்களில் இவற்றுக்குப் பூப்பங்கு குறைகிறது.

2006 நவம்பரில் ஃப்ளோரிடாவில் டேவ் ஹாக்கன்பர்க் என்ற தேனீ வளர்ப்பாளரின் சுமார் 400 பெட்டிகளில் பெரும்பாலானவை காலியாகக் கிடந்தன. அந்தச் செய்தி உலகத்தையே சுற்றி வந்து, நாங்களும் துணுக்குப் போடுகிற அளவுக்குப் போனது. அதே ஆண்டு ஆகஸ்டில் ஓரிகன் மாநிலத்து ஆஷ்லண்ட் மலையில் ராபின் தார்ப் என்ற பூச்சியியலாளர் ஃப்ராங்க்ளின் வண்டுத்தேனீ என்ற காட்டுத்தேனீ இனத்தில் ஒன்றைப் பார்த்தார். அதற்குப் பிறகு அந்த இனத்தை யாரும் பார்க்கவில்லை. அதைப் பற்றி நாங்கள் ஒரு வரிகூடப் போட்டதில்லை.