மீட்டரை மாற்றும் முன் கூரை விளக்கைப் பாருங்கள்

கேள்வி: அண்ணா, நான் லண்டன் ஹாரோவில் இருக்கிறேன். பத்தொன்பது நாளைக்கு முன்பு ஒரு வியாபாரியிடம் 1998 மாடல் ஃபியட் டுகாட்டோ வேன் மேல் வீடு மாதிரி கட்டிய மோட்டார்ஹோம் வாங்கினேன். விலை 12,000 பவுண்ட். முன்பணம் 500 பவுண்டைக் கிரெடிட் கார்டில் கட்டினேன், மீதியை வங்கி வழியாக அனுப்பினேன். முதல்முறை ராத்திரியில் ஓட்டியபோதுதான் மீட்டருக்குள் வெளிச்சமே இல்லை என்று தெரிந்தது. ஸ்பீடோமீட்டர் முள் எங்கே நிற்கிறது என்றே தெரியவில்லை. இதில் ஒரு வேடிக்கை, பிரேக்கை மிதித்தால் மட்டும் மீட்டர் லேசாக மினுங்குகிறது. வண்டி ஓடும்போது ஃப்ரிட்ஜும் குளிர்வதில்லை. உள் விளக்குக்கும் தண்ணீர் பம்புக்கும் இருக்கிற இரண்டாவது பேட்டரி, எவ்வளவு தூரம் ஓட்டினாலும் ஏறுவதில்லை. பக்கத்து ஒர்க்‌ஷாப்பில் மீட்டர் செட்டையே மாற்ற வேண்டும், 600 பவுண்ட் ஆகும் என்கிறார்கள். வியாபாரியோ, “பழைய வண்டி, பார்த்துத்தானே வாங்கினீர்கள்” என்கிறார். மீட்டரை மாற்றிவிடலாமா?

பதில்: வேண்டாம் தம்பி. 600 பவுண்டைக் கொட்டிப் புது மீட்டர் போட்டாலும் அதுவும் இருட்டாகத்தான் இருக்கும். பிரேக்கை மிதித்தால் மினுங்குகிறது என்று போகிறபோக்கில் எழுதியிருக்கிறீர்களே, பாதிப் பதில் அதிலேயே இருக்கிறது.

முதலில் ஒரு காரியம் செய்யுங்கள். இன்று இருட்டியதும் சைடு லைட்டைப் போட்டுவிட்டு வண்டியை ஒரு சுற்று சுற்றி வாருங்கள். பின்னால் சிவப்பு விளக்குகள், நம்பர் பிளேட் விளக்கு, கூரை மேலே இருக்கும் சின்ன விளக்குகள், பக்கவாட்டில் மஞ்சள் விளக்குகள் எல்லாம் எரிகின்றனவா? ஒரு பக்கமாவது அணைந்துதான் கிடக்கும் என்பது என் ஊகம். உங்கள் வண்டியைப் போன்ற அந்தக் காலத்து வண்டிகளில் பெரும்பாலும் மீட்டருக்கு வெளிச்சம் தரும் பல்புகளுக்குத் தனி வழி கிடையாது. சைடு லைட் ஃபியூஸிலிருந்துதான் அவற்றுக்கும் கரண்ட் போகிறது. அந்த ஃபியூஸ் போனால் பின்விளக்கும் போகும், மீட்டரும் இருட்டாகும். ஓட்டுகிறவர் கண்ணுக்கு மீட்டர் மட்டும்தான் தெரியும். பின்விளக்கு இல்லாததைப் பின்னால் வருகிற லாரிக்காரர்தான் பார்ப்பார். அதனால் இது சரியாகும்வரை ராத்திரியில் வண்டியை எடுக்காதீர்கள்.

சரி, பிரேக்குக்கு என்ன சம்பந்தம்? பின்னால் இருக்கும் பல்புக்குள் இரண்டு இழைகள். 21 வாட் இழை பிரேக்குக்கு, 5 வாட் இழை சைடு லைட்டுக்கு. இரண்டுக்கும் எர்த், அதாவது கரண்ட் பேட்டரிக்குத் திரும்பும் வழி, ஒன்றுதான். அந்த எர்த் கெட்டுவிட்டால், பிரேக்கை மிதித்ததும் 21 வாட் இழைக்குள் வந்த கரண்டுக்கு வெளியேற வழி இருக்காது. அது 5 வாட் இழை வழியாகத் தலைகீழாகத் திரும்பி, சைடு லைட் வயரில் ஏறி முன்பக்கம் வந்து, உங்கள் மீட்டர் பல்புகள் வழியாக எர்த்துக்குப் போகிறது. அதுதான் நீங்கள் பார்த்த மினுக்கல். ஆக உங்களுக்கு இரண்டு கோளாறு: போன ஃபியூஸ் ஒன்று, பின்விளக்கில் கெட்ட எர்த் ஒன்று. மோட்டார்ஹோமுக்கு இது கூடப் பிறந்த வியாதி. சாதாரண வேனில் பின்விளக்கு இரும்பு பாடியிலேயே உட்கார்ந்திருக்கும். இதிலோ பின்பக்கம் ஃபைபரும் மரச்சட்டமும். எர்த்துக்கென்று ஒரு நீள வயர் வண்டியின் அடிச்சட்டமான சேஸிஸ் வரை போய் ஒரு போல்ட்டில் முடியும். இருபத்தைந்து வருஷம் மழைத் தண்ணீரும் சாலையில் கொட்டும் உப்பும் பட்டால் அந்த போல்ட் என்ன ஆகும்? கழற்றி, உப்புத்தாளால் பளபளவென்று தேய்த்து, திரும்ப முறுக்கி, மேலே கிரீஸ் தடவுங்கள். நன்றாகிவிட்டதா என்று சோதிக்க, விளக்கைப் போட்டுக்கொண்டு வோல்ட் அளக்கும் மல்டிமீட்டரின் ஒரு முனையை பேட்டரி நெகட்டிவிலும் இன்னொன்றை விளக்கின் எர்த் வயரிலும் வையுங்கள். கால் வோல்ட்டுக்கு மேல் காட்டினால் எர்த் இன்னும் சரியாகவில்லை.

ஃபியூஸை மாற்றும்போது அதே ஆம்பியரில் மாற்றுங்கள். பெரியது போட்டால் உருகப்போவது வயர்தான். ஃபியூஸ் சும்மா போகாது, போட்டதும் மறுபடி போனால் எங்கேயோ ஷார்ட் இருக்கிறது. ஒவ்வொரு ஃபியூஸாகப் பலி கொடுக்காமல், ஃபியூஸ் இருக்கும் இடத்தில் இரண்டு வயர் வைத்து ஒரு 21 வாட் பல்பை இணையுங்கள். ஷார்ட் இருந்தால் அது முழு வெளிச்சத்தில் எரியும். பிறகு கூரை விளக்கு, பக்க விளக்கு என்று ஒவ்வொன்றாகக் கழற்றிக்கொண்டே வாருங்கள். எதைக் கழற்றியதும் வெளிச்சம் சட்டென்று இறங்குகிறதோ, அதுதான் குற்றவாளி.

நானும் ஒரு பழைய மோட்டார்ஹோமை வைத்துக்கொண்டு ஒரு சனி, ஞாயிறு முழுக்கத் தரையில் படுத்து டாஷ்போர்டுக்கு அடியில் தேடியிருக்கிறேன். கடைசியில் ஏணி போட்டு ஏறிப் பார்த்தால், ஓட்டுநர் தலைக்கு மேலே இருந்த கூரை விளக்கின் மூடிக்குள் கால்வாசித் தண்ணீர். மீன்தொட்டி மாதிரி நிற்கிறது. ஹோல்டரில் பித்தளை எது, களிம்பு எது என்றே தெரியவில்லை. மூன்று பவுண்ட் விளக்கு அது.

இப்போது ஃப்ரிட்ஜுக்கு வருவோம். இதை நீங்கள் தனிக் கோளாறு என்று நினைத்து எழுதியிருக்கிறீர்கள். எனக்குச் சந்தேகம் இன்னொரு டாஷ்போர்டு விளக்கின் மேல். சாவியைத் திருப்பியதும், எஞ்சினை ஸ்டார்ட் செய்யும் முன், பேட்டரி படம் போட்ட சிவப்பு விளக்கு எரிகிறதா? அதைப் பற்றி நீங்கள் ஒரு வரியும் எழுதவில்லை. எரிகிற விளக்கு கண்ணை உறுத்தும், எரியாத விளக்கை யாரும் கவனிப்பதில்லை.

அந்த பல்பு வெறும் எச்சரிக்கைக்காக மட்டும் வைத்தது இல்லை. எஞ்சின் ஓடும்போது பேட்டரியைச் சார்ஜ் செய்யும் ஆல்டர்னேட்டர், கரண்ட் உண்டாக்கத் தொடங்குவதற்கு முதல் சொட்டுக் கரண்ட் அந்த பல்பு வழியாகத்தான் போகிறது. பல்பு போய்விட்டால் ஆல்டர்னேட்டர் தூங்கிவிடும். சிலது எஞ்சினை ஒருமுறை நன்றாக முறுக்கியதும் விழித்துக்கொள்ளும், சிலது விழிக்கவே விழிக்காது. மோட்டார்ஹோமில் இன்னொரு சங்கதியும் உண்டு. ஆல்டர்னேட்டரில் அந்த மெல்லிய வயர் மாட்டியிருக்கும் முனைக்கு டி பிளஸ் என்று பெயர். எஞ்சின் ஓடுகிறது என்ற சேதி அங்கிருந்துதான் ரிலே எனும் தானியங்கிச் சுவிட்சுகளுக்குப் போகிறது. இரண்டாவது பேட்டரியை இணைப்பதும், ஃப்ரிட்ஜை 12 வோல்ட்டில் ஓட விடுவதும், சில வண்டிகளில் மின்சாரப் படியை உள்ளே இழுப்பதும் அந்த ரிலேக்கள்தான். ஒரு பவுண்ட் பல்பு போனதற்கு ஃப்ரிட்ஜில் பால் திரிந்துபோகும்.

சோதனை சுலபம். எஞ்சின் ஓடும்போது முன் பேட்டரியில் 13.8 முதல் 14.4 வோல்ட் வரை இருக்க வேண்டும். பன்னிரண்டரையிலேயே நின்றால் சார்ஜ் ஆகவில்லை. அப்போது சாவியை அணைத்து, பேட்டரி நெகட்டிவைக் கழற்றிவிட்டு, ஆல்டர்னேட்டரின் மெல்லிய டி பிளஸ் வயரை மட்டும் எடுங்கள். பேட்டரியை மறுபடி மாட்டி, சாவியைப் போட்டு, அந்த வயரை எஞ்சின் இரும்பில் தொடுங்கள். டாஷ்போர்டில் பேட்டரி விளக்கு எரிந்தால் பல்பும் வயரும் நலம், ஆல்டர்னேட்டரின் கார்பன் பிரஷ்ஷைப் பாருங்கள். எரியாவிட்டால் பல்பு, அல்லது நடுவே வயர். பக்கத்திலிருக்கும் தடித்த வயரைத் தொட்டுவிடாதீர்கள். அது பேட்டரியிலிருந்து நேரே வருவது, சாவி போடாமலேயே பொறி பறக்கும்.

பல்பு மாற்ற மீட்டரை வெளியே இழுக்க வேண்டியிருக்கும். பின்பக்கம் எக்ஸ்ரே ஃபிலிம் மாதிரி மெல்லிய தாளில் செம்புக் கோடுகள் ஓடும், அதில் கட்டைவிரல் நகமளவு ஹோல்டர்கள். கால் சுற்றுத் திருப்பினால் பல்போடு கையில் வரும். அந்தத் தாளைக் கிழித்துவிட்டால்தான் உண்மையிலேயே புது மீட்டர் வாங்க வேண்டிவரும்.

ஆனால் அதற்கெல்லாம் முன்னால் வியாபாரியைக் கவனியுங்கள். “பார்த்துத்தானே வாங்கினீர்கள்” என்பது தனி ஆள் சொன்னால் ஓரளவு செல்லும். வியாபாரி வாயில் செல்லாது. 2015ஆம் ஆண்டின் நுகர்வோர் உரிமைச் சட்டப்படி, கோளாறான பொருளை 30 நாளுக்குள் திருப்பிக் கொடுத்து முழுப் பணத்தையும் கேட்கலாம். உங்களுக்குப் பதினொரு நாள்தான் மிச்சம். அதைத் தாண்டினால், சரிசெய்ய ஒரு வாய்ப்பு அவருக்குக் கொடுத்தாக வேண்டும். இன்றே மின்னஞ்சலில் எழுதுங்கள், போனில் பேசியதைப் பிறகு நிரூபிப்பது கஷ்டம். அந்த 30 நாளுக்குள் பழுதுபார்க்கச் சொல்லிக் கொடுத்தால், வண்டி அவரிடம் இருக்கும் நாட்கள் 30இல் சேராது.

என் அபிப்பிராயம் கேட்டால், ஒரு பல்புக்கும் ஃபியூஸுக்கும் வண்டியைத் திருப்பிக் கொடுப்பது அதிகப்படி. வண்டியின் வயதையும் விலையையும் வைத்துத்தான் சட்டமும் தரத்தை அளக்கிறது. ஆனால் பின்விளக்கு எரியாமல் விற்றிருந்தால் அது வேறு பேச்சு. சாலையில் ஓடத் தகுதியில்லாத வண்டியை விற்பது 1988ஆம் ஆண்டின் சாலைப் போக்குவரத்துச் சட்டத்தின் 75ஆம் பிரிவில் குற்றம். வேடிக்கையைப் பாருங்கள், உங்களைக் காப்பாற்றும் இன்னொரு பிரிவுக்கும் அதே எண்தான். 1974ஆம் ஆண்டின் நுகர்வோர் கடன் சட்டம், பிரிவு 75. 100 பவுண்டுக்கு மேல் 30,000 பவுண்ட் வரை விலையுள்ள பொருளுக்கு முன்பணத்தை மட்டும் கிரெடிட் கார்டில் கட்டியிருந்தாலும், முழுத் தொகைக்கும் கார்டு நிறுவனம் வியாபாரியோடு சேர்ந்து பொறுப்பு. மின்னஞ்சலில் இரண்டு 75களையும் குறிப்பிடுங்கள், வியாபாரியின் குரல் மாறும். அவர் பதில் சொல்லும்வரை ஃபியூஸைப் பாருங்கள், வோல்ட் அளந்து படம் எடுத்து வையுங்கள். வயரை மட்டும் வெட்டாதீர்கள். வெட்டினால், “நீதான் கெடுத்தாய்” என்பார்.

கேள்வி: கனடா ஸ்கார்பரோவிலிருந்து எழுதுகிறேன். 1995 ஃபோர்டு ஈ-350 மேல் கட்டிய மோட்டார்ஹோம். டாஷ்போர்டு வெளிச்சம் விட்டுவிட்டு வருகிறது. தட்டினால் வருகிறது, மேடுபள்ளத்தில் ஏறினால் போகிறது.

பதில்: ஹெட்லைட் குமிழைப் பிடித்து இடமும் வலமுமாக இருபது முப்பது தடவை திருப்புங்கள். மீட்டர் வெளிச்சத்தைக் கூட்டிக் குறைக்கும் கம்பிச்சுருள் அந்தச் சுவிட்சிலேயே இருக்கிறது. வருஷக்கணக்கில் ஒரே இடத்தில் நின்றால் அங்கே துரு படிந்துவிடும். திருப்பும்போது வெளிச்சம் துள்ளினால் வேறெங்கும் தேட வேண்டாம். அதற்கும் அடங்காவிட்டால் சுவிட்சைக் கழற்றி, பின்னால் மாட்டும் பிளாஸ்டிக் கனெக்டரை மோந்து பாருங்கள், சும்மா சொல்லவில்லை. வட அமெரிக்காவில் 80 அங்குலம், அதற்கு மேல் அகலமுள்ள வண்டிக்குக் கூரையில் முன்னால் ஐந்து, பின்னால் ஐந்து விளக்கு கட்டாயம். அத்தனை கரண்டும் பார்க்கிங் லைட் வழியில்தான் போகிறது. கனெக்டர் பழுப்பேறி, தீய்ந்த வாசனை அடித்தால் சுவிட்சையும் கனெக்டரையும் சேர்த்தே மாற்றுங்கள். ஒன்றை மட்டும் மாற்றினால் பழையது புதியதையும் தீய்த்துவிடும்.

கேள்வி: எல்லாவற்றையும் எல்.இ.டி. பல்பாக மாற்றிவிட்டால் இந்தத் தொல்லை தீருமா?

பதில்: வெளிச்சத்துக்கான பல்புகளில் போடலாம். திருப்பிப் போட்டால் எரியாது, பயந்துவிடாமல் மாற்றிச் சொருகுங்கள். மங்கலாக்கும் குமிழ் முன்போல வேலை செய்யாது. பேட்டரி விளக்கில் மட்டும் போடாதீர்கள். எல்.இ.டி. வழியாகப் போகும் கரண்ட் ரொம்பக் குறைவு, ஆல்டர்னேட்டரை எழுப்பப் போதாது. மேலே ஹாரோ தம்பிக்குச் சொன்ன கதை உங்களுக்கும் வரும்.

கேள்வி: பர்மிங்காமில் தனியார் ஒருவரிடம் பழைய கேரவன் வாங்கப் போகிறேன். விளக்குகளில் என்ன பார்க்க வேண்டும்?

பதில்: நம் ஊரில் கேரவன் என்றால் படப்பிடிப்பில் நடிகர் உட்காரும் வண்டி. அங்கே கேரவன் என்றால் கார் இழுத்துப்போகும் பெட்டி. நீங்கள் சொல்வது மோட்டார்ஹோம் என்று எடுத்துக்கொள்கிறேன். தனியாரிடம் வாங்கினால் 30 நாள் உரிமை கிடையாது. முக்கியமாக, விளம்பரத்தில் சொன்னபடி வண்டி இருக்க வேண்டும். அதனால் விளம்பரத்தைப் படம் எடுத்து வையுங்கள். அரசு இணையதளத்தில் வண்டி எண்ணைப் போட்டால் எம்.ஓ.டி. எனும் வருடாந்திரத் தகுதிச் சோதனைகளின் பழைய விவரம் இலவசமாக வரும். ஒவ்வொரு வருஷமும் மைல் எவ்வளவு, எந்த விளக்கைக் குறை சொன்னார்கள் என்று எல்லாம் இருக்கும்.

நீங்கள் போகும்வரை எஞ்சினை ஸ்டார்ட் செய்ய வேண்டாம் என்று சொல்லிவிட்டுப் போங்கள். சூடான டீசல் எஞ்சினில், ஸ்டார்ட் செய்யும் முன் எஞ்சினைச் சூடாக்கும் ஹீட்டர் பிளக்கின் விளக்கு சரியாக எரிகிறதா என்று தெரியாது. சாவியை மட்டும் திருப்பி எண்ணுங்கள்: ஆயில், பேட்டரி, ஹேண்ட் பிரேக், இருந்தால் ஏ.பி.எஸ். (பிரேக் போடும்போது சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் காக்கும் ஏற்பாடு). ஏ.பி.எஸ். உள்ள வண்டியில் அந்த விளக்கு வரவே இல்லையென்றால் யாரோ பல்பைப் பிடுங்கியிருக்கலாம். ஆயில் விளக்கு அணையும் அதே நொடியில் அதுவும் அணைந்தால், இரண்டையும் ஒரே வயரில் கட்டி உங்களை ஏமாற்றப் பார்க்கிறார்களோ என்று சந்தேகப்படுங்கள். எஞ்சின் சூடேறிய பிறகு நின்ற இடத்தில் ஆயில் விளக்கு மினுங்கினால், “சென்சார்தான், பத்துப் பவுண்ட்” என்பார்கள். பத்துப் பவுண்ட்தான் என்றால் மாற்றிவிட்டுக் கூப்பிடச் சொல்லுங்கள். கூட ஒருவரை அழைத்துப் போய்ப் பின்னால் நிறுத்துங்கள். சைடு லைட்டைப் போட்டுப் பிரேக்கை மிதியுங்கள். பின்விளக்கு பளிச்சென்று ஆவதற்குப் பதில் மங்கினால் எர்த் போயிருக்கிறது. விலையில் இருநூறு பவுண்ட் குறைத்துக் கேளுங்கள்.