கேள்வி நேரம்: கட்டுரைகள் இருந்தும் வாசகர்கள் இல்லையே?

கேள்வி: பழைய ஃபிலிம் கேமராக்களுக்கென்றே ஓர் இணையதளம் நடத்துகிறேன். 60 கட்டுரைகள் போட்டும் கூகுளிலிருந்து ஆள் வருவதில்லை. இன்னும் நிறைய எழுத வேண்டுமா?

பதில்: புதிதாக எழுதுவதைக் கொஞ்சம் நிறுத்திவையுங்கள். உங்கள் தளம் தேடலில் எப்படித் தெரிகிறது என்று காட்டும் கூகுளின் கருவியான சர்ச் கன்சோலில் கடந்த 3 மாதக் கணக்கைத் திறந்து, தேடல் முடிவுகளில் உங்கள் பக்கத்தின் சராசரி இடம் 8 முதல் 20 வரை உள்ள தேடல்களைப் பிரித்தெடுங்கள். பலர் கண்ணில் பட்டும் சொடுக்கப்படாத பக்கங்கள் அங்கேதான் இருக்கும். முதலில் அவற்றைச் சரிசெய்யுங்கள்.

பெரும்பாலும் கோளாறு தலைப்பில்தான். 'லைட் சீல் பற்றி ஒரு பார்வை' என்று யாரும் தேடுவதில்லை. 'படத்தின் ஓரத்தில் சிவப்புக் கோடு விழுவது ஏன்?' என்றுதான் தேடுவார்கள். அதையே தலைப்பாக்கி, பின்கதவின் பஞ்சு (அதுதான் லைட் சீல்) இற்றுப்போய் வெளிச்சம் கசிகிறது என்ற பதிலை முதல் பத்தியிலேயே சொல்லிவிடுங்கள். கேமராவின் வரலாறு கீழே வரட்டும்.

ஒரே கேள்விக்கு இரண்டு கட்டுரைகள் இருந்தால் எதைக் காட்டுவதென்று கூகுள் தடுமாறலாம், இரண்டும் பின்தங்கலாம். நல்லதில் மற்றதைச் சேர்த்துவிட்டு, பழைய முகவரிக்கு வருபவர்களை நிரந்தரமாக அந்த நல்ல பக்கத்துக்கே திருப்பிவிடும் 301 ரீடைரக்ட் போடுங்கள். வெறுமனே அழித்தால் அதற்கு வெளியிலிருந்து வந்த இணைப்புகளின் பலன் வீணாகும்.

கேள்வி: மாற்றிய பிறகு எவ்வளவு நாள் பொறுப்பது?

பதில்: சில வாரங்களாவது. தினமும் தலைப்பை மாற்றினால் எது பலித்தது என்றே தெரியாது. மாற்றிய தேதியைக் குறித்துவைத்து, முன்னும் பின்னும் 28 நாள் கணக்கை ஒப்பிடுங்கள். இதற்கிடையே மின்னஞ்சல் மடல் ஒன்றைத் தொடங்கிவிடுங்கள். தேடலில் இடம் சறுக்கினாலும் அந்த வாசகர்கள் உங்களிடமே இருப்பார்கள்.