வாசகர் கேள்வி - பதில்: கல்விக்குக் கொடுப்பதில் எங்கே சறுக்குகிறது?

கேள்வி: பழைய மாணவர்கள் சேர்ந்து நிதி திரட்டியிருக்கிறோம். இந்த ஆண்டே முடிந்தவரை நிறையப் பேருக்குக் கல்லூரிக் கட்டணம் கட்டிவிடலாமா?

பதில்: வேண்டாம். முதலாண்டு 40 பேருக்குக் கட்டி, அடுத்த ஆண்டு வசூல் குறைந்து 15 பேரோடு நின்றால், 25 பேரை நட்டாற்றில் விட்டதாகிவிடும். மூன்றாண்டுப் படிப்பா? ஒருவருக்கு மூன்றாண்டுத் தொகையையும் முதலிலேயே ஒதுக்குங்கள். எத்தனை பேர் என்ற கணக்கு அதற்குப் பிறகு.

நிதியில் பத்தில் ஒரு பங்கைத் தனியே வையுங்கள். தேர்வுக் கட்டணம், பஸ் செலவு, உடைந்த மூக்குக்கண்ணாடி என்று சில்லறைத் தொகைக்காகவே பலர் படிப்பை விடுகிறார்கள். அதற்கு ஒரு பக்க விண்ணப்பம், ஒரே ஒருவர் ஒப்புதல், மூன்று நாளில் பணம் என்று வைத்துக்கொள்ளுங்கள். கமிட்டி கூடும்வரை கடைசித் தேதி காத்திருக்காது.

‘ரசீதைக் கொண்டுவா, பணம் தருகிறோம்’ என்பது பரவலான தவறு. முன்கூட்டிக் கட்டக் கையில் காசிருந்தால் அவர் ஏன் உங்களிடம் வரப்போகிறார்? கட்டணத்தை நேராகக் கல்லூரிக்கே, கடைசித் தேதிக்கு இரண்டு வாரம் முன்பு கட்டுங்கள். உதவியைத் தொடர 80 சதவீத மதிப்பெண் கேட்டால், வேலை பார்த்துக்கொண்டே படிப்பவர்தான் முதலில் விழுவார். தேர்ச்சியும் வருகையும் போதும். உங்கள் உதவியைக் காரணம் காட்டி, ஏற்கெனவே தரும் சலுகையைக் குறைக்க மாட்டோம் என்று கல்லூரியிடம் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். குறைத்தால் லாபம் கல்லூரிக்குத்தான்.

கேள்வி: எங்கள் அறக்கட்டளை நடத்தும் தொழிற்பயிற்சியில் எல்லோரும் சான்றிதழ் வாங்குகிறார்கள். வேலைதான் கிடைப்பதில்லை. ஏன்?

பதில்: பயிற்சியை முடிவு செய்த பிறகு முதலாளிகளைத் தேடியிருப்பீர்கள். அதைத் தலைகீழாகச் செய்ய வேண்டும். பாடத்திட்டம் எழுதுமுன் ஐந்தாறு நிறுவனங்களிடம் கேளுங்கள்: போன ஆண்டு இந்த வேலைக்கு எத்தனை பேரை எடுத்தீர்கள், எந்த மெஷினில் வேலை, நேர்முகத்தில் என்ன செய்யச் சொல்வீர்கள். ‘நல்ல பிள்ளைகள் வந்தால் எடுப்போம்’ என்ற பதிலைக் கணக்கில் சேர்க்காதீர்கள். பயிற்சிக் காலத்தில் உதவித்தொகையில் ஒரு பங்கைத் தர முன்வருகிற நிறுவனம்தான் ஆள் எடுக்கும்.

அடுத்து, கைப்பழக்கம். 30 பேருக்கு ஒரு லேத் (கடைசல் இயந்திரம்), இரண்டு மணி நேர வகுப்பு என்றால் தலைக்கு நான்கு நிமிடம். அப்படிப் பயின்ற பையனுக்கு மெஷினின் பாகமெல்லாம் மனப்பாடம். நுண்ணளவு பார்க்கும் வெர்னியர் காலிப்பரைக் கொடுத்து 0.02 மில்லிமீட்டர் துல்லியமாக அளக்கச் சொன்னால் தடுமாறுவான். நேர்முகத்தில் அங்கேதான் தோற்கிறான். பிரிவுக்குப் பத்துப் பேராகக் குறையுங்கள். வேலையில் சேர்ந்த நாளில் எண்ணாமல், ஆறு மாதம் கழித்து எத்தனை பேர் அதே வேலையில் நிலைத்திருக்கிறார்கள் என்று எண்ணுங்கள்.

கேள்வி: கட்டடம் கட்டித்தருவது நல்லதா?

பதில்: பராமரிக்க ஆள் இருந்தால் நல்லது. அமெரிக்க எஃகுத் தொழிலதிபர் ஆண்ட்ரூ கார்னகி நூலகத்துக்குப் பணம் கொடுத்தபோது, இடம் ஊர் தர வேண்டும், கொடுத்த தொகையில் பத்து சதவீதத்தை ஆண்டுதோறும் பராமரிப்புக்கு ஒதுக்க வேண்டும் என்று நிபந்தனை போட்டார். அவர் பணத்தில் எழுந்த நூலகங்கள் 2,500க்கும் மேல்.

இன்னொரு தொழிலதிபர் ஜூலியஸ் ரோசன்வால்ட் 1912 முதல் அமெரிக்கத் தென்மாநிலங்களில் கறுப்பினக் குழந்தைகளுக்குப் பள்ளி கட்ட உதவினார். கிட்டத்தட்ட 5,000 பள்ளிகள்! அங்கும் ஊரார் பங்கு கட்டாயம். ஆனால் வரியும் கட்டி, பள்ளிக்கும் தனியே பணம் போட்டவர்கள் அந்த ஏழை மக்களே. ஊர்ப் பங்கு கேட்கும்போது அரசு தன் கடமையிலிருந்து நழுவுகிறதா என்றும் பாருங்கள்.

கேள்வி: இனாமாகத் தராமல் கடனாகத் தரலாமா?

பதில்: தொழில் தொடங்குபவருக்குத் தரலாம். 1790இல் இறந்த அமெரிக்கத் தலைவர் பெஞ்சமின் பிராங்க்ளின், பாஸ்டன், பிலடெல்பியா நகரங்களுக்குத் தலா ஆயிரம் பவுண்டு எழுதிவைத்தார். தொழில் பழகி முடித்த, 25 வயதுக்கு உட்பட்ட கைவினைஞர்களுக்கு 5 சதவீத வட்டிக் கடன். இரண்டு பேர் ஜாமீன். ஒருவரிடம் வேலைக்கிருந்தே தொழில் பழகும் முறை மங்கியதும் கடன் கேட்டு வருபவர்கள் குறைந்துபோனார்கள். பாஸ்டனில் அந்தப் பணத்தின் ஒரு பகுதியில் 1908இல் தொழிற்கல்வி நிலையமே திறந்தார்கள். ஆகவே பத்திரத்தில், தொழில் மாறினால் விதியை மாற்றிக்கொள்ளலாம் என்று ஒரு வரி சேருங்கள். ஜாமீனைக் கட்டாயமாக்காதீர்கள்; ஜாமீன் போட ஆள் இருப்பவருக்குக் கடன் வேறெங்கும் கிடைக்கும்.