நினைவுக் குடிநீர்க் குழாய்: சங்கிலி டம்ளரா, பீய்ச்சும் முனையா?

கேள்வி: எங்களுக்கு வீரவநல்லூர் பக்கம். அப்பா நினைவாகப் பேருந்து நிறுத்தத்தில் நிரந்தரமாகக் குடிநீர் வைக்க உடன்பிறந்தவர்கள் பணம் சேர்த்திருக்கிறோம். பானையும் சங்கிலி கட்டிய டம்ளரும் போதும் என்கிறார் பெரிய அண்ணாச்சி. விமான நிலையத்தில் இருப்பதுபோலப் பீய்ச்சும் ஃபவுண்டன் வேண்டும் என்கிறான் தங்கை மகன். ஆர்.ஓ. கூலர் என்றும் ஒரு பேச்சு ஓடுகிறது. எது சுகாதாரம்?

பதில்: அண்ணாச்சி கோபித்துக்கொண்டாலும் சரி, டம்ளர் வேண்டாம்.

சங்கிலி டம்ளர் நம் ஊர் வழக்கம் மட்டுமல்ல. லண்டனில் 1859-ல் ஹோல்போர்ன் பகுதியில், தேவாலயச் சுவரையொட்டி வைத்த இலவசக் குழாயிலும் சங்கிலியில் கோத்த குவளைதான் தொங்கியது. காலராவுக்குப் பயந்து ஊருக்கு நல்ல தண்ணீர் கொடுக்க நினைத்தவர்கள், குவளை ஆயிரம் வாய்க்குப் போவதைக் கணக்கில் எடுக்கவில்லை. அமெரிக்காவில் ஆல்வின் டேவிசன் என்ற பேராசிரியர் 1908-ல் அதைக் கணக்கில் எடுத்தார். பள்ளிக்கூடத்தில் 9 நாள் புழங்கிய கண்ணாடிக் குவளையை உடைத்துச் சாயமேற்றி மைக்ராஸ்கோப்பில் பார்த்தார். உதடு படும் மேல்பகுதியில் குண்டூசித் தலை வைக்கும் அளவுக்குக்கூட இடம் விடாமல், பிள்ளைகளின் உதட்டுத் தோல் துணுக்குகள் அப்பியிருந்தன. மறு வருடமே கான்சாஸ் மாநிலம் பொதுக் குவளையைத் தடை செய்தது.

குவளை போனால் எப்படிக் குடிப்பது? கலிபோர்னியாவில் பெர்க்லி நகரத்தில் லூதர் ஹாஸ் என்று ஒருவர். பிளம்பிங் வேலையும் பார்ப்பார், நகரத்தின் சுகாதார ஆய்வாளரும் அவரே. ஒரு பள்ளியில் பிள்ளைகள் எல்லாரும் ஒரே தகரக் குவளையில் குடிப்பதைப் பார்த்துவிட்டு, பித்தளைக் கட்டிலின் குமிழையும் தானே மூடிக்கொள்ளும் வால்வையும் சேர்த்து ஒரு குழாய் செய்தார். 1911-ல் அதற்குக் காப்புரிமை கிடைத்தது. அதே காலத்தில் ஒஹையோவில் ஹால்சி டெய்லர் என்பவரும் இதே வேலையில் இறங்கினார். அவருடைய அப்பா கெட்ட தண்ணீரால் டைபாய்டு கண்டு இறந்தவர்.

உங்கள் பணத்துக்குப் பாடம் இதற்கு அடுத்த கட்டத்தில்தான் இருக்கிறது. தொடக்க கால ஃபவுண்டன்களில் தண்ணீர் நேர் மேலே கொப்பளித்து, வந்த வழியே முனைமேல் விழும். குடித்தவர் வாயிலிருந்து வழிந்ததும் அங்கேயே விழும். போதாததற்குப் பிள்ளைகள் முனையைச் சப்பியும் குடிப்பார்கள். விஸ்கான்சின் பல்கலைக்கழக விடுதியில் தொண்டைத் தொற்று பரவியபோது இந்தக் குழாய்களைச் சோதித்தார்கள். நேர் மேலே எழும் தாரையில் மாட்டிய கிருமி உடனே அடித்துப் போகப்படாமல் அங்கேயே ஆடிக்கொண்டிருப்பது தெரிந்தது. ஆய்வு வெளியானது 1916-ல். அதிலிருந்துதான் முனையைச் சாய்த்து வைக்கும் பழக்கம் வந்தது.

ஆகவே கடைக்குப் போனால் எவர்சில்வர் பளபளப்பில் மயங்காமல் முனையைப் பாருங்கள். தாரை சாய்வாக வளைந்து போய்த் தொட்டிக்குள் விழ வேண்டும். முனைமேல் ஒரு சொட்டும் திரும்பி விழக்கூடாது. வாய் வைக்க முடியாதபடி முனைக்கு மேல் ஒரு காப்பு வளைவு இருக்க வேண்டும். முனை, தொட்டி விளிம்பைவிட உயரமாக இருக்க வேண்டும். வடிகால் அடைத்துத் தொட்டி நிரம்பும் நேரத்தில் குழாயில் தண்ணீர் நின்றுபோனால், முங்கிய முனை வழியாக அழுக்குத் தண்ணீர் உள்ளே இழுபடும். விட்டுவிட்டுத் தண்ணீர் வரும் நம் ஊர்களில் இது சாதாரணமாக நடக்கக்கூடியது.

தாரை முனையிலிருந்து 4 அங்குலமாவது எழும்ப வேண்டும். இங்கேதான் பல நினைவுக் குழாய்கள் கோட்டை விடுகின்றன. பட்டனை அமுக்கும் மாடல்கள் பலவும் சதுர சென்டிமீட்டருக்கு ஒன்றரை, இரண்டு கிலோ அழுத்தத்துக்குச் செய்யப்பட்டவை. மேல்தொட்டி 10 மீட்டர் உயரத்தில் இருந்தால்தான் ஒரு கிலோ அழுத்தமே வரும். நிழற்குடை மேல் சின்டெக்ஸ் தொட்டியை ஏற்றி இந்த மாடலை மாட்டினால் தண்ணீர் எழும்பாமல் முனையிலேயே கசியும். தாகத்தோடு வரும் பள்ளிப் பிள்ளை என்ன செய்யும்? வாயை வைத்து உறிஞ்சும். அப்புறம் அது சங்கிலி டம்ளரேதான், விலை மட்டும் அதிகம். குறைந்த அழுத்தத்தில் வேலை செய்யும் அகலத் துவார வால்வு கேளுங்கள். கிடைக்காவிட்டால் ஃபவுண்டனே வேண்டாம்.

வேண்டாம் என்றால் ஒன்றும் குடி முழுகிவிடாது. எச்சில் படாமல் அண்ணாந்து குடிக்கும் பழக்கம் நமக்குச் சின்ன வயதிலேயே வந்துவிடுகிறது. இப்போது பேருந்து ஏறுகிறவர் பலர் கையில் பாட்டிலும் இருக்கிறது. என் யோசனை: பாட்டில் பிடிக்க உயரமாக இரண்டு குழாய், பக்கத்தில் பிள்ளைகள் எட்டும் இரண்டரை அடி உயரத்தில் ஒரு சாய்முனை ஃபவுண்டன். குவளை இல்லாத குழாயில் இன்னொரு நன்மையும் உண்டு. யாருக்கு எந்தக் குவளை என்ற கேடுகெட்ட கணக்குக்கு அங்கே இடமில்லை. இரட்டைக் குவளை பார்த்த சீமை இது, சொல்லாமல் விட மனமில்லை.

ஆர்.ஓ. விஷயத்துக்கு வருவோம். உங்கள் பக்கம் கிடைப்பது தாமிரபரணித் தண்ணீர் என்றால் உப்பை எடுக்க எதற்கு மெஷின்? கரைந்த உப்பு லிட்டருக்கு 500 மில்லிகிராமுக்குள் இருந்தால் இந்தியத் தரப்படி நல்ல தண்ணீர்தான். ராதாபுரம், திசையன்விளை பக்கம் உப்புத் தண்ணீர் போர்வெல் என்றால் வேறு கதை. ஆர்.ஓ. தண்ணீரிலிருக்கும் குளோரினையும் எடுத்துவிடும். அதைத் தொட்டியில் தேக்கினால் கிருமிக்குத் தடையே இருக்காது.

பைப்பில் வரும் தண்ணீரில் குளோரின் லிட்டருக்கு 0.2 மில்லிகிராமாவது மீந்திருக்க வேண்டும். சோதனை மருந்து ஓரிரு சொட்டு விட்டால் மஞ்சளாகும். டப்பாவிலுள்ள நிற அட்டையோடு ஒப்பிட்டுப் பார்த்துவிடலாம். குளோரினே இல்லையென்றால், தெளிந்த தண்ணீருக்கு 1000 லிட்டருக்கு 2.5 கிராம் புது பிளீச்சிங் பவுடர். தனியாகக் கரைத்து, தெளிந்த நீரை மட்டும் ஊற்றி, ஒரு மணி நேரம் கழித்துத் திறந்துவிடுங்கள். வெயிலில் திறந்து கிடந்த பவுடர் வெறும் சுண்ணாம்புதான், போட்டுப் பயனில்லை.

அண்ணாச்சிக்குப் பானை ஆசை இருந்தால் சித்திரை, வைகாசியில் தண்ணீர்ப் பந்தல் போடட்டும். காருகுறிச்சிப் பானையில் அடியில் குழாய் வைத்ததாக வாங்கி, வாயை மூடிக் கட்டிவிடுங்கள். செம்பை உள்ளே முக்கவே கூடாது, கையோடு சேர்ந்து எல்லாம் உள்ளே போகும்.

சேர்த்த பணம் முழுவதையும் கட்டுமானத்தில் கொட்டாதீர்கள். முனையையும் தொட்டியையும் தினம் தேய்த்துக் கழுவ ஓர் ஆளுக்குச் சம்பளம், மாதம் இரண்டு முறை மேல்தொட்டி கழுவும் செலவு, இரண்டுக்கும் ஒரு பங்கை வங்கியில் போட்டு வையுங்கள். பெயர்ப் பலகையில் தொட்டி கழுவிய தேதி எழுதவும் இடம் விடுங்கள். கழிவு நீருக்கு உறிஞ்சுகுழி வெட்டுங்கள், இல்லையென்றால் கொசுதான் மிஞ்சும். இணைப்புக்கும் இடத்துக்கும் பேரூராட்சியில் எழுத்தில் அனுமதி வாங்கிய பிறகு பிளம்பரைக் கூப்பிடுங்கள். அவர் வந்ததும் முதலில் அழுத்தத்தை அளக்கச் சொல்லுங்கள், மாடலை அதற்கப்புறம் வாங்கலாம்.