பறிகொடுத்த காய்க்கு ஈடு உண்டா? செஸ் என்ஜின் எண்களைப் பற்றிக் கேள்வி பதில்

கேள்வி: யானைக்கு 5, குதிரைக்கும் பிஷப்புக்கும் 3 என்றுதான் படித்தோம். யானையைக் கொடுத்து பிஷப்பை வாங்கிய பிறகும் ஸ்டாக்ஃபிஷ் என்ற செஸ் என்ஜின் சமநிலை என்கிறதே, எப்படி?

அந்த மதிப்பு ஒரு சராசரி மட்டுமே. 1953 சூரிக் கேண்டிடேட்ஸ் போட்டியில் (உலக சாம்பியனுக்குச் சவால் விடுபவரைத் தேர்வு செய்யும் போட்டி) ரெஷெவ்ஸ்கிக்கு எதிராகக் கறுப்பில் ஆடிய பெட்ரோசியன் 25வது நகர்த்தலில் யானையை இ6-இல் வெள்ளையின் பிஷப்புக்கு முன்னால் வைத்தார். வெள்ளையின் இ5 சிப்பாய் அங்கேயே அடைபட்டது. சி6 குதிரை இ7 வழியாக டி5-க்குப் போக வழி கிடைத்தது. பிஷப் யானையை வெட்டியதும் எஃப் சிப்பாய் இ6-க்கு வந்து, டி5-க்குக் காவலாக நின்றது. அந்தக் குதிரையை விரட்ட வெள்ளையிடம் சிப்பாய் இல்லை. உள்ளே புகத் திறந்த வழி இல்லாததால் வெள்ளை யானைகளுக்கும் பெரிதாக வேலை இல்லை. ஆட்டம் 41வது நகர்த்தலில் டிரா.

பழைய என்ஜின்களில் "பாதுகாப்பான கட்டத்தில் குதிரைக்கு இவ்வளவு கூடுதல்" என்று மனிதர்கள் எழுதிய விதிகள் இருந்தன. அவற்றைக் கூட்டினாலும் யானையின் குறை பெரும்பாலும் ஈடாகாது. 2020-இல் ஸ்டாக்ஃபிஷ் 12-இல் வந்த என்என்யுஇ என்ற நரம்பு வலை, எந்தக் காய் எங்கே நிற்கிறது என்பதை ராஜாவின் இடத்தோடு சேர்த்து முழுப் பலகையாக எடைபோடுகிறது. முப்பது நகர்த்தலுக்குப் பிறகு கிடைக்கும் ஈட்டை அது தேடிக் கண்டுபிடிப்பதில்லை. அது போன்ற ஏராளமான நிலைகளில் பயிற்சி பெற்றதால், பார்த்தவுடன் மதிப்பிடுகிறது.

ஸ்டாக்ஃபிஷ் கட்டளைத் திரையில் நிலையை ஏற்றி "இவால்" (eval) என்று ஆங்கிலத்தில் தட்டுங்கள். ஒவ்வொரு காயும் அந்த நிலையில் எவ்வளவு பெறும் என்று பலகை வடிவில் காட்டும்.

கேள்வி: நல்ல தியாகம் இருந்தும் என்ஜின் முதலில் காட்டவே இல்லை. நானே ஆடிக் காட்டியதும் "ஆமாம், நல்லதுதான்" என்கிறது. ஏன் சார்?

நேரடியாகக் காய் இழக்கும் நகர்த்தலைத் தேடல் பெரும்பாலும் வரிசையின் கடைசியில் வைக்கும். கடைசியில் இருப்பதைக் குறைந்த ஆழத்துக்கே, அதாவது சில நகர்த்தல்கள் முன்னால் மட்டுமே, பார்க்கும். கிளைகளின் நுனியில் அதை வெட்டியும் விடும். அந்த வேகத்துக்காக நாம் கொடுக்கும் விலை இது.

எத்தனை நகர்த்தல்களைக் காட்ட வேண்டும் என்று சொல்லும் மல்ட்டிபிவி அமைப்பை 4 ஆக்குங்கள். சிறந்த நான்கு நகர்த்தல்களுக்கும் தனித்தனியாகச் சரியான மதிப்பு கிடைக்கும். ஆனால் அதே நேரத்தில் எட்டும் ஆழம் குறையும். தியாகம் அப்போதும் வரவில்லையா? அதைப் பலகையில் ஆடி, ஆழம் 35 வரை ஓடவிட்டு, ஒரு நகர்த்தல் பின்னால் வாருங்கள். பார்த்த நிலைகளின் முடிவுகளைச் சேமிக்கும் ஹாஷ் நினைவில் அந்த முடிவு இருப்பதால் இப்போது மேலே ஏறலாம். ஹாஷ் 16 எம்பி-யிலேயே இருந்தால் பழைய முடிவுகள் அழிந்துவிடும். 1 ஜிபி-யாவது கொடுங்கள்.

கேள்வி: கறுப்பு ஒரு சிப்பாயைத் தியாகம் செய்யும் வோல்கா கேம்பிட் தொடக்கத்தில் வெள்ளைக்கு +0.7 என்கிறது. ஆடுவதை விட்டுவிடலாமா?

வேண்டாம். ஸ்டாக்ஃபிஷ் 15.1 முதல் +1.00 என்றால், ஸ்டாக்ஃபிஷ் தன்னோடு தானே ஆடும்போது வெல்ல 50 விழுக்காடு வாய்ப்பு என்று பொருள். எதிரே ஆடுபவர் மனிதர். ஏ, பி வரிசைகளில் இரு யானைகளும் ஜி7 பிஷப்பும் தரும் அழுத்தம் ராணிகள் மாறிய பிறகும் தீராது. அதைப் பிழையின்றித் தாங்க வேண்டியவர் வெள்ளை ஆட்டக்காரர்.

இங்கே பலரும் தவறவிடுவது ஒன்று. ஸ்டாக்ஃபிஷ் காட்டும் வெற்றி, டிரா, தோல்வி விகிதம், மதிப்பெண்ணையும் பலகையில் மிச்சமுள்ள காய்களையும் வைத்துக் கணக்கிட்டது. காய்கள் ஒரே அளவில் இருந்தால், செத்த டிராவுக்கும் கத்திமுனைச் சமநிலைக்கும் 0.00-இல் ஒரே விகிதத்தைத்தான் காட்டும். லீலா என்ற மற்றொரு என்ஜினின் நரம்பு வலை மூன்றையும் தனியாகக் கணிக்கிறது. சிக்கல் எங்கே அதிகம் என்று அறிய லீலாவைப் பாருங்கள். தந்திர அடிகளைச் சரிபார்க்க ஸ்டாக்ஃபிஷ். லீலாவுக்கு நல்ல கிராஃபிக்ஸ் கார்டு வேண்டும்.

கேள்வி: +2.5 காட்டுகிறது, ஆனால் வெல்ல வழியே தெரியவில்லை.

அரணாக இருக்கலாம், அதாவது காய் குறைவாக இருந்தும் எதிராளியால் உடைக்க முடியாத தற்காப்பு. ஆழம் 25-லிருந்து 45-க்குப் போயும் எண் நகராமல், காட்டும் வரிசையில் யானை இங்கும் அங்கும் உலாத்தினால் சந்தேகப்படுங்கள். அந்த வரிசையைப் பத்துப் பத்து நகர்த்தலாக முன்னால் தள்ளிப் பாருங்கள். உண்மையான சாதகம் என்றால் எண் ஏறும். அரண் என்றால் அங்கேயே நிற்கும், அல்லது ஐம்பது நகர்த்தல் விதி நெருங்க நெருங்கச் சுருங்கும். தியாகம் செய்த பக்கத்துக்கு உண்மையான ஈடு இருந்தாலும், எதிராளியின் சாதகம் படிப்படியாகக் கரையும்.

கேள்வி: போனில் பார்த்தால் போதுமா?

தந்திர அடிகளுக்குப் போதும். தியாகம், அரண் மாதிரி நிலைகளுக்குப் போதாது. சூடேறினால் வேகம் விழும். எத்தனை வினாடி ஓடியது என்று ஒப்பிடாமல், எத்தனை நிலைகளைப் பார்த்தது என்று ஒப்பிடுங்கள். கணினி இருந்தால், சந்தேகமான நிலையிலிருந்து என்ஜினைத் தன்னோடு தானே இருபது ஆட்டம் ஆடவிடுங்கள். ஆட்டங்கள் ஒரே மாதிரி வராமலிருக்க, முதல் சில நகர்த்தல்களை நீங்களே மாற்றி மாற்றிக் கொடுங்கள். முடிவுகளை எண்ணுவதோடு நிறுத்தாமல், தோற்ற ஆட்டங்களில் ஈடு எந்த நகர்த்தலில் கைநழுவியது என்று பாருங்கள்.