ஹெண்ட்ரிக்ஸைக் கேட்க வராத சிறுமிகள்

அன்புள்ள ஆசிரியருக்கு,

1967இல் மங்கீஸ் என்ற பாப் இசைக் குழுவின் அமெரிக்கப் பயணத்தில் கிதார் கலைஞர் ஜிமி ஹெண்ட்ரிக்ஸ் தொடக்கக் கச்சேரி செய்தார் என்று எழுதியிருந்தீர்கள். அக்கச்சேரிகளுக்குச் சிறுமிகளாகச் சென்றவர்களின் நினைவுகளைத் தேடிப் படித்தேன். மங்கீஸ் பாடகர் டேவி ஜோன்ஸின் பெயரைக் கத்திக்கொண்டிருந்ததுதான் அவர்களுக்கு நினைவிருக்கிறது. அப்படியொரு கலைஞனைக் கூச்சலிட்டு விரட்டியவர்களை ரசிகர்கள் என்று எப்படிச் சொல்வது? ஒரு மாதர் அமைப்பின் புகாரால்தான் அவர் நீக்கப்பட்டார் என்பதும் உண்மையா?

அன்புள்ள நண்பருக்கு,

புகார் என்பது கட்டுக்கதை. ஹெண்ட்ரிக்ஸின் மேடை அசைவுகள் ஆபாசமானவை என்று ‘அமெரிக்கப் புரட்சியின் புதல்விகள்’ என்ற அமைப்பு எதிர்ப்புத் தெரிவித்ததாக வந்த செய்தி, பயணத்தில் உடன் சென்ற ஆஸ்திரேலியப் பத்திரிகையாளர் லிலியன் ராக்சன் வேடிக்கையாகப் புனைந்தது. ஹெண்ட்ரிக்ஸ் தாமே விலக விரும்பினார். ஜூலை 8ஆம் தேதி ஜாக்சன்வில்லில் சேர்ந்தவர், 16ஆம் தேதி நியூயார்க்கின் ஃபாரஸ்ட் ஹில்ஸ் டென்னிஸ் அரங்கக் கச்சேரியோடு விடைபெற்றுக்கொண்டார்.

ஆனால் அந்தச் சிறுமிகளைப் பற்றிய உங்கள் தீர்ப்பை என்னால் ஏற்க முடியவில்லை. 1966 செப்டம்பரில் தொடங்கிய மங்கீஸ் தொலைக்காட்சித் தொடரில் வாரந்தோறும் பார்த்த நான்கு முகங்களை நேரில் காண, பெற்றோரை நச்சரித்து அழைத்து வந்த பிள்ளைகள் அவர்கள். ஹெண்ட்ரிக்ஸின் மூன்று பாடல்கள் அதற்குள் பிரிட்டனில் முதல் பத்து இடங்களுக்குள் வந்திருந்தன என்றாலும், அவருடைய முதல் இசைத்தொகுப்பு அமெரிக்காவில் அப்போது வெளிவரவே இல்லை. ஜூன் 18 அன்று கலிஃபோர்னியாவின் மாண்டரே இசை விழாவில் அவர் கிதாரைத் தீயிட்டுக் கொளுத்திய காட்சியோ, அடுத்த ஆண்டின் இறுதியில்தான் திரையரங்குகளுக்கு வந்தது. அந்த விழாவில் அவரைக் கேட்டு வியந்த மங்கீஸ் உறுப்பினர்கள் மிக்கி டோலன்ஸும் பீட்டர் டோர்க்கும் அவரைத் தங்கள் பயணத்தில் சேர்க்க ஆசைப்பட்டதில் வியப்பில்லை. அவர்கள் கேட்டிருந்தார்கள், அரங்கில் இருந்த பிள்ளைகள் கேட்டிருக்கவில்லை. ஹெண்ட்ரிக்ஸின் ‘ஃபாக்ஸி லேடி’ பாடலின் நடுவே சிறுமிகள் டேவியைக் கேட்டுக் கூவியதை டோலன்ஸ் பின்னாளில் நினைவுகூர்ந்திருக்கிறார், அவர் சொல்வதில் சங்கடம் தெரிகிறதே தவிர, அந்தப் பிள்ளைகள்மீது கோபம் இல்லை.

என் அனுபவம் ஒன்றைச் சொல்கிறேன். பதினாறு வயதில், நண்பன் பதிவுசெய்து கொடுத்த ஒலிநாடாவில் ‘பர்ப்பிள் ஹேஸ்’ பாடலை முதன்முறையாகக் கேட்டேன். அதன் தொடக்கத்தில் கிதாரும் பேஸ் கிதாரும் ஒன்றோடொன்று இசையாத சுரங்களை மோதவிட்டு முன்னேறும். நாடா சிக்கிக்கொண்டது என்று எண்ணி நிறுத்தி, பென்சிலைச் செருகிச் சுற்றி இறுக்கிவிட்டு மறுபடியும் போட்டேன். மறுபடியும் அதே ஓசைதான் வந்தது. அவர் எத்தகைய மேதை என்று படித்துத் தெரிந்துகொண்ட பிறகே நான் அதைக் கேட்டேன், அப்படியிருந்தும் என் காது அதை இயந்திரக் கோளாறு என்றுதான் எடுத்துக்கொண்டது. எந்த முன்னறிவிப்பும் இல்லாமல் ஒலிபெருக்கியின் முழு வீச்சில் அதைக் கேட்ட பத்துப் பன்னிரண்டு வயதுப் பிள்ளை காதைப் பொத்திக்கொண்டிருந்தால் அது எப்படிக் குற்றமாகும்?

அந்த நினைவுகளை நான் மதிப்பதற்குக் காரணமும் இதுதான். மேதையை அன்றே அடையாளம் கண்டுகொண்டேன் என்று இன்று சொல்லிவிடுவது எளிது, மறுக்க ஆளில்லை. அப்படியிருக்க, ‘நான் டேவிக்காகக் காத்திருந்தேன்’ என்று ஒருவர் சொல்வாரானால் அவருடைய சாட்சியத்தை நான் முழுமையாக நம்புவேன்.

ஆகஸ்டில் அந்த இசைத்தொகுப்பு அமெரிக்கக் கடைகளுக்கு வந்துவிட்டது. அதை வாங்கி வந்து, ஜூலையில் நம் முன்னால் வாசித்தவர் இவர்தானா என்று உறையைக் கையில் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்த சிறுமி ஒருத்தியாவது இருந்திருப்பாள் என்றே எண்ணுகிறேன். உங்கள் தேடலில் அப்படியொரு நினைவு கிடைத்தால் எனக்கு அவசியம் அனுப்புங்கள்.

அன்புடன்